மடிக்கேரிக்கு ஒரு டயர்

ஆடி மாதத்தில் திருவண்ணாமலைக் கடைத்தெருவில் மழைக்கோட்டு கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரிதான் பார்ப்பார். எனக்கும் அதுதான் நடந்தது.

"ஐப்பசியில வாங்க, விதவிதமா எறக்குவோம். இப்ப வெயில் பொளக்குது, யாருக்குங்க கோட்டு?"

"எனக்குத்தான். மடிக்கேரிக்குப் போறேன்."

"அது எங்க இருக்குது?"

நானும் போனதில்லை. கர்நாடகத்தில், மைசூருக்கு அந்தப் பக்கம், மலை மேல் இருக்கிறது, ஆடியில் அங்கே மழை விடாது என்பது மட்டும் தெரியும். கோட்டு இல்லாமலே கிளம்ப வேண்டியதாயிற்று. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

செங்கம் ரோட்டில் எனக்கு டயர் கடை. மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர், மொபெட் டயர்கள் விற்பேன், பஞ்சரும் ஒட்டுவேன். தொண்ணூற்று ஏழாம் வருஷம் என்று நினைவு. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் வாங்கிய ஆறு டயர்கள் விலை போகாமல் கடைப் பரணில் கிடந்தன. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். இரண்டு கோடையின் சூட்டை வாங்கி அந்த ரப்பர் செத்துவிட்டிருந்தது. பார்வைக்குத் தெரியாது. ரோட்டில் பதிகிற பட்டன் ஆழமாக, புதுசாகத்தான் இருக்கும். கட்டை விரலால் அழுத்தினால்தான் அதன் விறைப்பு தெரியும். எங்கள் பக்கத்தில் அதையும் நல்ல குணமாகவே எடுத்துக்கொள்வார்கள். "கல்லாட்டம் இருக்குது, நல்லா ஒழைக்கும்" என்பார்கள். காய்ந்த ரோட்டில் உழைக்கவும் செய்யும். அதனால் நான் யாரையும் திருத்தவில்லை. ஆறில் இரண்டை விற்றேன். ஒன்று பால்காரர் ரங்கநாதனுக்கு, இன்னொன்று ஏழுமலைக்கு.

ஏழுமலை என்னோடு பள்ளியில் படித்தவன். வேங்கிக்காலில் வீடு, அங்கேயே கலெக்டர் ஆபீசில் வேலை. பின் டயர் மாட்டிக்கொண்டிருந்தபோது, மனைவி செல்வியின் தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, மடிக்கேரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னான். பஸ்ஸில்தான் போவான் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை, கடை திறந்ததும் ரங்கநாதன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வேட்டியில் சேறு, முழங்கையில் தோல் உரிந்திருந்தது. அடி அண்ணாமலைக்கிட்ட ஒரு திருப்பத்தில் விழுந்துவிட்டாராம்.

"லேசா தூறல்தாம்பா. பிரேக்கு கூட நான் ஜாஸ்தி புடிக்கல. பின்சக்கரம் தனியா போயிட்ச்சி. பால் பூரா ரோட்டுல."

உட்கார்ந்து டயரைப் பார்த்தேன். பட்டனுக்கு நடுவில், காடிக்குள், தலைமுடி போல வெடிப்பு ஓடியிருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. தூறலைத்தான் திட்டினார். அவருக்கு வேறு டயர் மாட்டி அனுப்பிவிட்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு வேங்கிக்காலுக்கு ஓடினேன். ஏழுமலை வீடு பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டம்மா சொன்னார்: "நேத்து காலைலயே போயிட்டாங்களே. பையன கீழ்பென்னாத்தூர்ல பாட்டி வீட்ல உட்டுட்டு ரெண்டு பேரும் வண்டியிலதான் போனாங்க. இன்னைக்கி மைசூர்ல சுத்திப் பாத்துட்டு, நாளைக்கி காலைல மலைக்குப் போறாங்களாம்."

தங்கை வீட்டில் போன் கிடையாது. எங்கள் யார் கையிலும் அப்போது போன் கிடையாது. பஸ் ஏறினால் வழியில் அவர்களைப் பார்த்தாலும் இறங்க முடியாது. என் மனைவி மல்லிகாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்: "அந்த டயரு அப்டின்னு உங்களுக்குத் தெரியுமா?"

நான் வண்டிச் சாவியைத் தேடினேன். அவள் உள்ளே போய்ப் பழைய செய்தித்தாளை அடுக்கிக் கொண்டுவந்தாள். "நெஞ்சுக்கு வெச்சிக்கினு சட்டையைப் போடுங்க. எதிர்க்காத்து ஏறாது. பெங்களூரு தாண்டினாலே குளிரும்." நாலு பிளாஸ்டிக் பையும் கொடுத்தாள், காலுறைக்கு மேல் மாட்டிக்கொள்ள. அவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்க நேரமில்லை. அந்த மாதம் வந்த சரக்கில் மெத்தென்ற பின் டயர் ஒன்றை எடுத்துத் தோளில் மாலையாக மாட்டினேன். கழற்றும் நெம்பி இரண்டு, ஸ்பேனர், காற்றடிக்கும் கைப்பம்பு. ஒன்பது மணிக்குக் கிளம்பிவிட்டேன்.

தோளில் டயரோடு வண்டி ஓட்டுபவனைப் பார்த்தால் எல்லோருக்கும் பேசத் தோன்றுகிறது. ஊத்தங்கரையில் டீக்கடையில் ஒருவர், "எங்கங்க பஞ்சர்?" என்றார். ஓசூரில் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி, வண்டியின் இரண்டு டயரும் நன்றாக இருப்பதைப் பார்த்துக் குழம்பிப்போய் விட்டுவிட்டார். ஓசூர் வரைக்கும் முதுகில் வேர்வை. அதற்குப் பிறகு வானம் மூடிக்கொண்டது. பெங்களூரு நெரிசலில் ஊர்ந்து வெளியே வந்தபோது விரல் நுனி மரத்திருந்தது. இஞ்சின் மேல் இரண்டு கையையும் வைத்துச் சூடேற்றிக்கொண்டு மறுபடி ஓட்டினேன். மல்லிகாவின் செய்தித்தாள் நன்றாகவே வேலை செய்தது. நடக்கும்போது மட்டும் சரசரவென்று சத்தம்.

மைசூருக்குப் போகும்போது ஏழு மணி. பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜுகளில் ஒவ்வொன்றாக நுழைந்து, நிறுத்தியிருந்த வண்டிகளின் நம்பரைப் பார்த்தேன். எங்கள் மாவட்ட வண்டி என்றால் டி.என். இருபத்தைந்து. ஒன்று கூட இல்லை. ஒரு ஓட்டலில் சாம்பார் இனித்தது. சர்வரிடம் சொன்னேன். "அது அப்படித்தான், இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா?" என்று கன்னடத்தில் கேட்டு ஊற்றிவிட்டுப் போனார். படுத்தும் தூக்கம் வரவில்லை. ரங்கநாதன் விழுந்தது சமதரை. அதுவும் தூறல்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ரோட்டில் இருந்தேன். அவர்களுக்கு முன்னால் போய் மலையடியில் நின்றுகொள்ளலாம் என்பது என் கணக்கு. ஹுன்சூரில் மழை பிடித்தது. எங்கள் ஊர் மழை இடித்து, மின்னி, ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். இது அப்படி இல்லை. சத்தமே இல்லாமல், அவசரமே இல்லாமல், சாய்வாக இறங்கிக்கொண்டே இருந்தது. அங்கே கடைகளின் முன்னால் வாழைத்தார் மாதிரி மழைக்கோட்டுகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் நீளமான ஒற்றைக் கோட்டை எடுத்தேன். கடைக்கார அம்மாள் அதைப் பிடுங்கித் திரும்பத் தொங்கவிட்டு, மேல்சட்டையும் கால்சட்டையும் தனித்தனியாக இருக்கிற ஒன்றை எடுத்துப் போட்டார்.

"வண்டி ஓட்டுகிறவனுக்கு நீளக் கோட்டு ஆகாது. மடியில் தண்ணீர் தேங்கி உள்ளே இறங்கும். இதுதான் சரி" என்றார், கன்னடத்தில். எனக்குப் பாதி புரிந்தது, மீதியைக் கையால் காட்டினார். ரப்பர் கையுறையும் அவரே கொடுத்தார். ஹெல்மெட் கண்ணாடிக்குள் மூச்சு பட்டுப் புகையாக மூடியதைப் பார்த்து, துணியில் சோப்பைத் தேய்த்து உள்பக்கம் துடைத்துக் கொடுத்தார். இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன், டயர் விற்கிறேன். மழையில் ஓட்ட எனக்குத் தெரியவில்லை என்பது அந்தக் கடை வாசலில்தான் உறைத்தது.

அப்படி உறைத்தும் மெதுவாகப் போகவில்லை. பிரியாபட்டணம் தாண்டி, புகையிலை வயலிலிருந்து டிராக்டர் ஏறிய இடத்தில் ரோடு முழுக்கச் செம்மண் குழம்பு. பார்த்ததும் பின் பிரேக்கை மிதித்தேன். அடுத்தது ரோட்டு ஓரத்தில் மல்லாந்து கிடந்ததுதான் தெரியும். வண்டி பத்தடி தள்ளி, சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. வயலில் வேலை செய்த நாலு பெண்கள் தலையில் கோணிச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். டயரைப் போட்டுக்கொண்டு கிடந்த என்னைப் பார்த்து ஒருத்தி சிரித்துவிட்டாள். மற்றவர்கள் அவளை அதட்டினார்கள். முழங்காலில் அடி, ஃபுட்ரெஸ்ட் வளைந்துவிட்டது. எலும்பு ஒன்றும் உடையவில்லை.

நல்ல டயரில் ஒற்றை ஆளாக வந்த எனக்கே இப்படி. பின்னால் ஒரு ஆளை உட்காரவைத்துக்கொண்டு போகிறவனை நினைத்தேன்.

குஷால்நகரில் ஃபுட்ரெஸ்ட்டை நிமிர்த்த ஒரு டயர் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் பெயர் ஹம்சா, கேரளத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். மலையாளமும் தமிழுமாகக் கலந்து பேசினார். அதை நம் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். ஃபுட்ரெஸ்ட்டை ஒரு குழாயை மாட்டி நிமிர்த்திவிட்டு, கேட்காமலே என் பின் டயரை அழுத்திப் பார்த்தார்.

"எவ்வளவு காற்று?"

"நாற்பது."

"யார் அடித்தது?"

"நான்தான். எங்க ஊர்ல அப்படித்தான் அடிப்போம். மைலேஜ் கிடைக்கும்."

"உங்கள் ஊரில் மைலேஜ் கிடைக்கும். இங்கே ஆஸ்பத்திரி கிடைக்கும். இத்தனை காற்றிருந்தால் டயர் ரோட்டில் அரை விரல் அளவுதான் படும்." முன்னும் பின்னும் காற்றை இறக்கி, அளவுமானி வைத்துச் சரிபார்த்தார். பிறகு என் தோளைப் பார்த்தார். "இது யாருக்கு?"

"ஒரு சிநேகிதனுக்கு. மடிக்கேரிக்கு வண்டியில போறான், வீட்டம்மாவோட."

"தமிழ்நாட்டு வண்டியா? பச்சை சேலை கட்டிய அம்மாவா? ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இங்கேதான் காற்றுப் பார்த்தார்கள்."

என் கணக்கு தப்பிவிட்டது. அவர்கள் விடியும் முன்பே கிளம்பியிருக்கிறார்கள்.

"நான் அவரிடம் சொன்னேன், இந்தப் பின் டயரோடு மலை ஏறாதே, இங்கே மாற்றிக்கொள் என்று. புது டயர், போன மாதம்தான் போட்டேன் என்றார். என் நகத்தை அழுத்திக் காட்டினேன், தடம் விழவே இல்லை. அப்போதும் நம்பவில்லை. தெரிந்த கடையில் வாங்கியது, அவன் எனக்குக் கெட்ட சரக்குக் கொடுக்கமாட்டான் என்கிறார்." ஹம்சா கையைத் துணியில் துடைத்தார். "அப்படி ஒரு டயரை விற்றவன் மழையையே பார்த்திருக்கமாட்டான். இல்லை என்றால் மனிதனைப் பார்த்திருக்கமாட்டான்."

நான் என் பர்ஸை எடுப்பதுபோலக் குனிந்துகொண்டேன். அவர் என் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். தோளில் கிடந்த டயரை இன்னொரு முறை பார்த்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. "சூடாக ஒரு டீ குடித்துவிட்டுப் போ, மேலே இன்னும் குளிரும்" என்றார். குடிக்காமல் ஏறினேன்.

மலைப்பாதையில் இரண்டு பக்கமும் காபித் தோட்டம், உயர உயரமாய் நிழல் மரங்கள், அவற்றில் மிளகுக் கொடி. அழகான இடம் என்றுதான் சொல்வார்கள். எனக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் கண் ரோட்டு ஓரத்துக்கே போனது. இரண்டாவது கியரில், பின் பிரேக்கைத் தொடாமல், முன் பிரேக்கை லேசாக அமுக்கி அமுக்கி ஏறினேன். மரத்திலிருந்து விழுந்த இலைகள் ரோட்டில் எண்ணெய் மாதிரி ஒட்டிக் கிடந்தன. எதிரே வந்த பஸ் அள்ளி வீசிய தண்ணீர் முகத்தில் அறைந்தது.

மடிக்கேரிக்கு ஒரு பத்து கிலோமீட்டர் இருக்கும்போது, ஒரு வளைவில் பயணிகள் நிழற்குடை. அதன் தூணில் ஏழுமலையின் வண்டி சாய்ந்திருந்தது. இண்டிகேட்டர் ஒன்று ஒயரில் தொங்கியது. உள்ளே சிமெண்டு பெஞ்சில் செல்வி உட்கார்ந்திருந்தாள். பச்சை சேலை இடுப்பு வரை செம்மண். இடது முழங்கையில் கைக்குட்டை கட்டியிருந்தது, அதில் ரத்தம் ஊறியிருந்தது. உதடு நீலம் பாரித்து, பல் அடித்துக்கொண்டிருந்தது. ஏழுமலை மழைக்கோட்டு, ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். அவளுக்கு ஒரு சால்வை மட்டும்தான்.

என்னைப் பார்த்ததும் அவன் திகைத்துவிட்டான். "டேய்! நீ இன்னாடா இங்க?"

நான் முதலில் செல்வியிடம் போனேன். கையை மடக்கி நீட்டச் சொன்னேன். நீட்டினாள். என் மழைச்சட்டையைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டேன். செய்தித்தாளையும் எடுத்துக் கொடுத்தேன்.

"இன்னா ஆச்சி?"

"ஒண்ணுமில்லடா. வளைவுல திரும்பறேன், பின்னாடி அப்டியே கழண்டு போன மாதிரி போயிட்ச்சி. எம்மேலதான் தப்பு, கொஞ்சம் வேகமா வந்துட்டேன்."

செல்வி நிமிர்ந்தாள். "வேகமா எங்க வந்தீங்க? மாட்டு வண்டியாட்டம் வந்தீங்க. ராத்திரியே சொன்னேன் பஸ்ல போலாம்னு. எதிர்ல லாரி வந்துட்டிருந்தா? புள்ளைக்கு யாரு இருக்கா?" போட்டிருந்த மழைச்சட்டையைப் பிடித்துக் காட்டினாள். "ஓட்றவருக்குத்தான் கோட்டு, தொப்பி. பின்னாடி ஒக்கார்றவளுக்கு ஒண்ணும் வேணாமா?"

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டான். "எம்மேலதான் தப்பு" என்றான் மறுபடி.

அவன் அப்படியே நம்பிக்கொண்டிருக்கலாம். ஏதோ டயர் கொண்டு வந்தேன், நல்ல சிநேகிதன் என்று பெயரும் வாங்கியிருக்கலாம். வழியெல்லாம் எனக்கு அந்த எண்ணம் வராமல் இல்லை.

"உம்மேல தப்பில்ல ஏழுமல. டயருதான்" என்றேன். "ரெண்டு வருஷத்துப் பழசு. பரண்ல காஞ்சி ரப்பர் செத்துட்ச்சி. இன்னொண்ணு ரங்கநாதனுக்குக் குடுத்தேன், அவரும் நேத்து உழுந்துட்டாரு. அதான் வந்தேன்."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். மழை தகரக் கூரையில் விடாமல் பெய்துகொண்டிருந்தது.

"விக்கும்போது தெரியுமா?"

"பழசுன்னு தெரியும். நீ மலைக்கு ஓட்டிக்கினு போவன்னு தெரியாது."

"சொன்னேனே. மடிக்கேரி போறேன்னு சொன்னேனே."

"சொன்ன. எதுல போறன்னு நான் கேக்கல."

அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "கீழ ஒரு ஆளு சொன்னாரு. உன்ன உட்டுக் குடுக்காம அந்த ஆளுகிட்ட பேசிட்டு வந்தேன்" என்றான். அவ்வளவுதான். போய் வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டான்.

அரை மணி நேரத்தில் டயரை மாற்றினோம். நான் நெம்பியைப் போட்டுத் தூக்க, அவன் மறுபக்கம் காலால் அழுத்திப் பிடித்தான். செல்வி எழுந்து வந்து, கழற்றிய நட்டும் வாஷரும் தண்ணீரில் போகாமல் உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டாள். காற்றை நாற்பதுக்கு ஏற்றாமல் நிறுத்தினேன். செத்த டயரை நான் தோளில் மாட்டிக்கொண்டேன். அதை அங்கே போட்டுவிட்டு வர மனமில்லை. யாராவது எடுத்து ஓட்டுவார்கள்.

தங்கை வீடு ஒரு எஸ்டேட்டின் ஓட்டு வீடு. அவள் கணவர் அங்கே கணக்கெழுதுகிறார். போனதும் ஆளுக்கு ஒரு பானை வெந்நீர் கொடுத்தார்கள். அந்த ஊரில் துணி காய்வதே இல்லையாம். கரி அடுப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் குழந்தையின் துணிகளை விரித்திருந்தார்கள். எங்கள் ஊரில் கொடியில் போட்ட துணி, திரும்பிப் பார்ப்பதற்குள் விறைத்துவிடும். சுடச்சுடச் சோறும் மூங்கில் குருத்துக் குழம்பும் போட்டார்கள். புது ருசி, லேசான புளிப்பு. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

"கையில இன்னாக்கா?" என்று தங்கை கேட்டாள்.

"வாசல்ல எறங்கும்போது சேத்துல வழுக்கிட்டேன்" என்றாள் செல்வி. என் பக்கமும் பார்க்கவில்லை, கணவன் பக்கமும் பார்க்கவில்லை. குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு அதன் விரல்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழுமலை எனக்கு முன்பே சாப்பிட்டுவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான்.

சனிக்கிழமை காலை நான் கிளம்பினேன். மழை சற்றுத் தணிந்து பனி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. என் மழைச்சட்டையைச் செல்வி மடித்துக் கொண்டுவந்தாள். "திரும்பி வரும்போது உனக்கு வேணும், வெச்சிக்கோம்மா" என்றேன். "அப்ப நீங்க எப்டிண்ணா போவீங்க?" என்றாள். குஷால்நகரில் ஒன்று வாங்கிக்கொள்கிறேன் என்றேன். ஹம்சாவின் கடையில் எனக்கு வேறு வேலையும் இருந்தது. அந்த டயரை விற்றவன் நான்தான் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஊருக்குத் திரும்புவது என்று முடிவு செய்திருந்தேன்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு எஸ்டேட் கேட்டு வரை போனபோது பின்னால் ஏழுமலை வந்தான். கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"மீதி எத்தினி இருக்குது பரண்ல?"

"நாலு."

"இன்னா பண்ணப் போற?"

"அறுத்துடுவேன். இதையும் சேத்து."

தலையை ஆட்டினான். நான் வண்டியை உதைத்துக் கிளப்பினேன். அப்போது அவன் சொன்னான்: "கொஞ்ச நாளைக்கி உன் கடைக்கி வரமாட்டேன்."

"சரி" என்றேன். கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கி முதல் கியர் போட்டேன்.

"டேய்" என்று பின்னால் கூப்பிட்டான். திரும்பினேன். மழையில் நனைந்துகொண்டே கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தான்.

"கொஞ்ச நாளுன்னுதான் சொன்னேன். பாத்து எறங்கு, வளைவு ஜாஸ்தி."